டத்தோவின் தொட்டியில் நுரை

ஜெலுத்தோங்,
பினாங்கு.
நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.

பொருள்: டத்தோவின் உடல்நலமும் இருப்பிட வசதியும்

அன்பு மகள் நிரோஷாவுக்கு,

ஜெலுத்தோங்கிலிருந்து அப்பா அப்புத்துரை ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நலம். டத்தோவும் ஏறக்குறைய நலம். நீ நலமா என்று வாட்ஸ்அப்பில் பதினோரு முறை கேட்டுவிட்டேன். இரண்டு நீலக் கோடு விழுகிறதே தவிர பதில் வருவதில்லை. ஆகவே நலமாகத்தான் இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். கடிதத்தில் நீலக் கோடு கிடையாது. நீ படித்தாயா இல்லையா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. அது இருவருக்கும் மரியாதை.

ஆகஸ்ட் மாதம் உன் கோலாலம்பூர் வீட்டு விஷயத்தில் நமக்குள் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டுக்குப் பிறகு, நீ உன் மருத்துவமனைத் தோழி ஒருத்தியின் அறையில் பாதியை எடுத்துக்கொண்டு தங்கினாய். அங்கே உனக்கே கால் நீட்ட இடமில்லை என்பதால், நீ வளர்த்த சண்டை மீனை, பினாங்குக்கு வரவிருந்த உன் பள்ளித் தோழி சிந்துஜாவின் காரில் ஏற்றி என்னிடம் அனுப்பினாய். அன்றிலிருந்து நீ எனக்கு எழுதுவது ஒரே வரி. 'மீன் எப்படி?' வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளியன்று நான் முறுக்குத் தட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அன்றும் அதே வரிதான் வந்தது. உனக்கும் எனக்கும் நடுவில் இப்போது மிச்சம் இருப்பது இந்த இரண்டு விரல் நீள மீன் ஒன்றுதான். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஒரு வரியும் நின்றுபோகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பத்து வாரமும் நான் இந்தத் தொட்டியைக் காத்து வருகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விளக்கம். அதற்கு டத்தோ என்று பெயர் வைத்தவள் நீ. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களின் கோப்புகளைச் சுமந்தவன் நான். டத்தோ என்று எழுதிவிட்டு 'வந்தது, தின்றது' என்று வாக்கியத்தை முடிக்க என் கை வராது. ஆகவே இக்கடிதம் முழுவதும் அவர் அவராகவே இருப்பார்.

டத்தோ இங்கே வந்து இறங்கியது ஒரு காயா ஜாம் போத்தலில். கூடவே நீ எழுதிய ஒன்பது அம்சப் பட்டியல். சிந்துஜா போத்தலை என் கையில் கொடுத்து, "அங்கிள், இதுலயே வெச்சிறக் கூடாதாம். பெரிய டேங்க் வேணுமாம். நிரோ கண்டிப்பா சொல்லச் சொன்னா" என்றாள். பட்டியலில் முதல் வரியே இருபது லிட்டர். இரண்டு விரல் நீள மீனுக்கு இருபது லிட்டரா என்று எனக்குச் சந்தேகம். நம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மீன்கடை வைத்திருக்கும் நூர் முகம்மதிடம் போய்க் கேட்டேன். "சின்ன தண்ணி சீக்கிரம் அழுக்காவும் அண்ணே, சீக்கிரம் கோவப்படும். பெரிய தண்ணி பொறுமையா இருக்கும் லா" என்றார். நீரில் கூட இப்படி ஒரு குணபேதம் இருக்கிறது என்பதை அறுபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டு, தொட்டி, மூடி, வடிகட்டி எல்லாம் வாங்கிவந்தேன். மூடி எதற்கு என்று கேட்டதற்கு, டத்தோ துள்ளிக் குதித்து வெளியே விழுந்துவிடுவார், ஆனால் மேலே வந்து காற்றும் குடிப்பார், அதனால் ஓட்டையுள்ள மூடி வேண்டும் என்றார். சூடாக்கும் கருவி வேண்டாம், பினாங்கு வெயிலே போதும் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை மாலை தண்ணீர் நிரப்பினேன். வெள்ளிக்கிழமை கரிநாள். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத்தான் நல்ல நேரம் அமைந்தது. அதுவரை டத்தோ போத்தலிலேயே காத்திருந்தார். பெரிய மனிதர்கள் காத்திருக்கும்போது காட்டும் முகத்தைத்தான் காட்டினார். அதற்குள் தண்ணீர் ஒன்றரை நாள் சும்மா நின்று, குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை எல்லாம் போய்விட்டது. 'தண்ணீரை ஒரு நாள் அப்படியே வை, சொட்டு மருந்தும் விடு' என்று நீ மூன்றாவது வரியில் எழுதியிருந்ததை நான் பிறகுதான் படித்தேன். காலண்டரும் உன் பட்டியலும் ஒத்துப்போன இடம் இது ஒன்றுதான்.

தொட்டியை ஹாலில் உன் அம்மா படத்துக்கு நேர் எதிரே வைத்தேன். அவளுக்கும் பொழுது போகும் என்ற எண்ணம்தான். குடிபுகுந்த ஐந்தாவது நிமிஷம் டத்தோ செவுள் இரண்டையும் குடைபோல விரித்து, வாலை விறைத்துக்கொண்டு, உன் அம்மாவோடு சண்டைக்கு நின்றார். அவள் உயிரோடிருந்தவரை அவளை எதிர்த்து இந்த வீட்டில் ஒருவரும் செவுள் விரித்ததில்லை. நான் பதறிப்போய்ப் பட்டியலைத் தேடினேன். 'எதிரே கண்ணாடி இருக்கக் கூடாது, தன் நிழலைப் பார்த்து இன்னொரு மீன் என்று சண்டைக்குப் போகும்' என்று ஆறாவது வரியில் இருந்தது. படத்தின் கண்ணாடியும் கண்ணாடிதானே. படத்தை நகர்த்த மனம் வரவில்லை. டத்தோவை ஜன்னல் பக்கச் சுவருக்கு மாற்றினேன். அதற்காக எல்லாத் தண்ணீரையும் இறைத்து, மறுபடி நிரப்பி, மறுபடி நல்ல நேரம் பார்த்து, அவர் மீண்டும் ஒன்றரை நாள் காயா போத்தலில் இருக்கும்படி ஆனது.

பிறகு வடிகட்டியைப் போட்டேன். அது டத்தோவைத் தூக்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எறிந்தது. நூர் முகம்மது ஒரு பஞ்சுத் துண்டைக் கொடுத்து வாயில் செருகச் சொன்னார். யார் வாயில் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வடிகட்டியின் வாயில் செருகினேன். தொட்டி வெறிச்சென்று இருக்கிறதே என்று பிளாஸ்டிக்கில் செய்த பினாங்குப் பாலம் ஒன்றை வாங்கி உள்ளே வைத்தேன். இரண்டாம் நாள் பாலத்தில் உரசி டத்தோவின் வால் ஓரத்தில் கிழிசல். 'கூரான அலங்காரம் வேண்டாம்' என்பது ஏழாவது வரி. உன் பட்டியலை நான் எப்போதும் சம்பவத்துக்குப் பிறகே படிக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாலம் இப்போது அலமாரியில் இருக்கிறது. வால் ஆறுவதற்கு நூர் முகம்மது காய்ந்த கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, ஒன்றைப் போடச் சொன்னார். போட்டதும் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறியது. அதுதான் அவருக்கு மருந்தாம், சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரியாம். வாலும் வளர்ந்துவிட்டது. இவையெல்லாம் செப்டம்பர் மாதத்துக்குள் முடிந்த காரியங்கள்.

அக்டோபரில் கந்த சஷ்டிக்கு உன் யோகம்மா அத்தை பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்தாள். ஆறு நாளும் இங்கே தங்கி விரதம் இருப்பதாக ஏற்பாடு. பையைக் கீழே வைப்பதற்கு முன்பே தொட்டியைப் பார்த்துவிட்டாள்.

"என்னாடா தம்பி இது? வீட்டுல மச்சம் வெச்சுக்கிட்டு விரதமா?"

"அக்கா, இது திங்கிற மீன் இல்ல. டத்தோ."

"டத்தோவோ தான்ஸ்ரீயோ, மீன் மீன்தான்."

அதோடு ஐஸ் பெட்டியைத் திறந்தாள். அங்கே அவளுக்காக நான் வைத்திருந்த தோசை மாவுக்குப் பக்கத்தில், டத்தோவின் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காக வாங்கிய உறைந்த செம்புழுக்கள் சின்னச் சின்னக் கட்டிகளாக அடுக்கியிருந்தன. அவள் அதை முதலில் ஏதோ ஜாம் என்று நினைத்திருக்கிறாள். என்ன என்று தெரிந்தபிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. புழுக்கள் அன்றே நூர் முகம்மது கடைக்குத் திரும்பிப் போயின, தோசை மாவு குப்பைக்குப் போனது, ஐஸ் பெட்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டது.

மீன் விஷயம் தீரவில்லை. உயிரோடு இருக்கும் மீன் மச்சமா, அதாவது அசைவமா, இல்லையா என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரு பகல் முழுக்க வாதம். கடைசியில் கோயில் குருக்களுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் இருவர் வாதத்தையும் கேட்டார். பிறகு, "அம்மா, சட்டிக்கு வந்தாத்தான் மச்சம். தொட்டியில இருந்தா அது வீட்டுல ஒரு ஆள்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அக்கா போனை வைத்துவிட்டு, "சரி, ஆளுன்னா ஆறு நாள் விரதம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

உன் ஒன்பதாவது வரியில் 'வாரம் ஒரு நாள் பட்டினி நல்லது' என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதை அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, நிரோஷாவே சொல்லிவிட்டாள் என்று தீர்ப்புக்கு முத்திரை வைத்துவிட்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. டத்தோ கண்ணாடி ஓரம் வந்து என்னைப் பார்க்கிறார். 'மீன் எப்படி?' என்று நீ கேட்டால் விரதம் என்றா எழுதுவது? ஆகவே அக்கா குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, தினமும் இரண்டு உருண்டைத் தீனி போட்டுவந்தேன். ஆறாம் நாள் சூரசம்ஹாரத்தன்று டத்தோவின் வயிறு திராட்சைப் பழம்போல உருண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினார். படம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். நூர் முகம்மது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "யாரு அண்ணே இப்படி ஊட்டுறது?" என்றார். தினம் இரண்டே உருண்டை என்று சத்தியம் செய்தேன். "ரெண்டுக்கு இப்படி ஊதாது லா" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தாள். நான் ஒன்றும் கேட்காமலே, "பாவம்டா தம்பி. கண்ணாடிகிட்ட வந்து வந்து பாக்குது. காலையில நாலு, சாயங்காலம் நாலுதான் போட்டேன்" என்றாள். ஆக, பினாங்குத் தீவிலேயே கந்த சஷ்டிக்குத் தினமும் பத்து உருண்டை சாப்பிட்டவர் டத்தோ ஒருவராகத்தான் இருக்கும். நாங்கள் விரதம் முடித்துப் பொங்கல் சாப்பிட்டபோது அவர் நூர் முகம்மதின் உத்தரவுப்படி மூன்று நாள் உண்மையான விரதத்தைத் தொடங்கினார். வயிறு இறங்கியது. வியாழக்கிழமை அவர் பழையபடி மின்னும் நீலத்தில் இலைக்கு அடியில் உலாவியதைப் பார்த்து, நானும் அக்காவும் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தோம். இந்த வீட்டில் அப்படி உட்கார்ந்து எவ்வளவு நாள் ஆகிவிட்டது என்று அவள்தான் சொன்னாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை நான் தொட்டியைப் பார்த்தபோது, இலைக்குப் பக்கத்தில் மூலையில் வெள்ளை நுரை! ஐம்பது காசு அகலத்துக்கு, தடிப்பாக, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் நாள்தான் அக்கா பூஜைப் பாத்திரம் எல்லாவற்றையும் சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள்.  "கைய கழுவாம தொட்டியில விட்டியாக்கா?" என்றேன். "நான் விடல" என்றாள். "அப்ப இது என்னா நுரை?" என்றேன். "எனக்கு என்னா தெரியும், ஒன் டத்தோவையே கேளு" என்றாள். நான் கோபத்தில் இரண்டு வார்த்தை அதிகமாகச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவளும் போனை எடுப்பதில்லை. உன்னிடம் கற்றுக்கொண்டாளோ என்னவோ.

அவள் போனதும் நான் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. டத்தோவைப் போத்தலுக்கு மாற்றினேன். நுரையை வழித்து எறிந்தேன். இலையை எறிந்தேன். தண்ணீர் முழுவதையும் கொட்டி, சுடுநீரும் உப்பும் போட்டு மூன்று முறை தேய்த்து, புதுப் பஞ்சு செருகி, புதுத் தண்ணீர் நிரப்பி, சொட்டு மருந்து விட்டு, ராகு காலம் என்றும் பாராமல் பதினொரு மணிக்கே உள்ளே விட்டேன். அவ்வளவு நேரமும் டத்தோ போத்தலுக்குள் மேலும் கீழும் ஓடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். தற்சமயம் அடியில் படுத்திருக்கிறார், நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. குளித்த களைப்பாக இருக்கும். இன்று ஞாயிற்றுக்கிழமை, உன் ஒரு வரி வந்தது. 'நலம்' என்று அடித்தேன், அழித்தேன், மறுபடியும் அடித்து அனுப்பினேன். அதனால்தான் முழு விவரத்தையும் கடிதமாக எழுதுகிறேன்.

இதிலிருந்து நீ ஒன்றைப் புரிந்துகொள்ளவேண்டும். ஆபத்தைக் கண்ட தகப்பன் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான். நுரையைக் கண்டால் துடைப்பான். கோலாலம்பூர் செந்தூலில் நீ பிடித்த அந்தப் பன்னிரண்டாம் மாடி வீட்டில் குளியலறைச் சுவரில் கறை இருந்தது. பால்கனித் தடுப்பு முழங்கால் உயரம்தான். நீ திரைச்சீலை வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் நான் வீட்டுக்காரம்மாவை வரவழைத்து, என் மகளுக்கு இந்த வீடு வேண்டாம் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தது உன் நன்மைக்காகத்தான். நீ இரண்டு கையிலும் பையோடு லிஃப்டிலிருந்து இறங்கி வந்து நின்றாய். நீலப் பூப்போட்ட திரைச்சீலை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, நீ ஒன்றுமே சொல்லவில்லை. முப்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்குத் தனி வீடு எதற்கு என்று நான் கேட்டது தவறு இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆகவே மாற்றல் கேட்டுப் பினாங்குக்கே வந்துவிடு. உன் அறை அப்படியே இருக்கிறது. டத்தோ நீண்ட பயணம் தாங்க மாட்டார். அவர் வேண்டுமென்றால் நீதான் இங்கே வரவேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. மழைக்காலம், குடையை மறக்காதே. தண்ணீர்மலை முருகன் உன் வழியெல்லாம் உடன் வரட்டும். நீ எங்கே இருந்தாலும் உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் அங்கே வந்து சேரும்.

இப்படிக்கு,
க. அப்புத்துரை
ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா
(உன் அப்பா)

பி.கு. வியாழக்கிழமை எழுதுவது. திங்கட்கிழமை இக்கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குக் கிளம்பினேன். வழியில் புது இலை வாங்க நூர் முகம்மது கடையில் நின்று, சவுக்கார நுரையை எப்படி ஒழித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, அது சவுக்காரம் இல்ல லா. அது கூடு. ஆம்பள மீனு வாயில காத்த எடுத்து எடுத்து, ஒவ்வொரு குமிழியா ஊதி ஒட்டிக் கட்டும். எடம் புடிச்சாத்தான் கட்டும். நீங்க நல்லா வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம்" என்றார். "நான் தொடச்சிட்டேனே" என்றேன். அவர் இரண்டு இலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு உன் நீலப் பூப்போட்ட திரைச்சீலைதான் நினைவுக்கு வந்தது. நிரோஷா, அன்று உன் வீட்டில் நான் கண்டதும் நுரைதான். மேலே எழுதியதில் ஒரு திருத்தம்: அந்தப் பால்கனித் தடுப்பு முழங்கால் உயரம் இல்லை, என் நெஞ்சு உயரம் இருந்தது. குளியலறைக் கறை ஈரத்துணியால் துடைத்தால் போயிருக்கும்; நான் துடைத்துப் பார்க்கவில்லை. அங்கே நின்று பார்த்தபோது பினாங்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் நீ என்னை விட்டு நன்றாக இருந்துவிடுவாய் என்று பயம் வந்தது. அந்தப் பயத்தை உன் நன்மை என்ற பெயரில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்காரம்மாவுக்கு போன் செய்து, நான் செய்தது தப்பு என்று சொன்னேன். "அத ஏன் அங்கிள் என்கிட்ட சொல்றீங்க? ஒங்க மகள்கிட்ட சொல்லுங்க லா" என்றார். ஆகவே உன்னிடம் சொல்கிறேன். நான் செய்தது தப்பு. அந்த வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். உனக்காக வைத்திருக்கும்படி நான் கேட்கவில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன். அந்த நம்பர் உன்னிடம் இருக்கிறது. அதுவோ வேறோ, உன் இஷ்டம்.

நேற்று பாகான் டாலாம் போனேன். உன் அத்தை கால் மணி நேரம் கதவைத் திறக்கவில்லை. திறந்ததும் முதல் கேள்வி, "டத்தோ எப்படிடா?" என்பதுதான். பிறகு சாப்பாடு போட்டாள்.

டத்தோ பயணம் தாங்க மாட்டார் என்று எழுதியதும் பொய். பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக மூடிவைத்தால் கோலாலம்பூர் வரை சுகமாகப் போவார் என்கிறார் நூர் முகம்மது. நீ எந்த வீடு பிடித்தாலும் சொல், பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உள்ளே கூப்பிட்டால் வருவேன், சுவரைப் பார்க்க மாட்டேன். மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோப்பில் ஏறியதைக் கிழித்து எனக்குப் பழக்கம் இல்லை. அப்படியே இருக்கட்டும், நீ எவ்வளவு பொறுத்தாய் என்பதற்கு ஒரு சாட்சியாக.

டத்தோ நேற்றிலிருந்து சாப்பிடுகிறார். இன்று காலை புது இலைக்கு அடியில் ஏழெட்டுக் குமிழிகள் தெரிகின்றன. மேலே போய் ஒரு வாய்க் காற்று எடுத்து வருவதும், ஊதுவதும், மறுபடி போவதுமாக இருக்கிறார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எதையும் தொடவில்லை.